சமையலறை நீட்டிப்புக்கு மேலே கண்ணாடி: டஃபன்டா, லேமினேட்டடா, பாலிகார்பனேட்டா?

கீழவீதி:
வணக்கம். பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பின்பக்கம் 9 அடி நீட்டுகிறோம். கிழக்குப் பார்த்த வீடு. அடுப்படிக்கு இருக்கிற ஒரே ஜன்னல் மேற்குச் சுவரில்தான். அதை இடித்து நீட்டினால் பழைய அடுப்படி நடுவில் மாட்டிக்கொண்டு பகலிலேயே லைட் போட வேண்டியதாகிவிடும். தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர், வடக்கே எங்கள் குளியலறையும் ஸ்டோர் ரூமும். வெளிச்சம் மேலேயிருந்துதான் வர வேண்டும்.

புதுக் கான்கிரீட் கூரைத் தளத்தில் 8-க்கு 5 அடி திறப்பு விட்டுக் கண்ணாடி போடலாம் என்று நினைத்தோம். ஒரு ஃபேப்ரிகேட்டர் 12 எம்.எம். டஃபன்ட் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றிய கண்ணாடி) போதும், மட்டமாக வைத்துச் சிலிகான் அடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் லேமினேட்டட் போடச் சொல்கிறார், விலை ரொம்ப அதிகம். மூன்றாமவர் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட் போட்டால் பாதிச் செலவில் முடியும் என்கிறார். மனைவிக்கு வானம் தெரிய வேண்டும். அம்மாவுக்கு ஒரே கேள்வி: தேங்காய் விழுந்தால்? தென்மேற்கு மூலையில் பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு நிற்கின்றன. பின்பக்கம் விட வேண்டிய இடத்தை விட்டுத்தான் பிளான் அப்ரூவல் வாங்கியிருக்கிறோம், அதில் சிக்கல் இல்லை. அடுத்த வாரம் சென்ட்ரிங் (கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும் வேலை).

காவிரிக்கரை:
பாலிகார்பனேட் போட்டுப் பட்டவன் சொல்கிறேன். ஷீட்டில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வெயில் தாங்கும் பூச்சு இருக்கும், அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். எங்கள் வீட்டில் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனார்கள். மூன்றே வருடத்தில் பழைய தயிர் டப்பா மாதிரி மஞ்சளாகிவிட்டது. அது போக, வெயிலில் அது கண்ணாடியைப் போல ஏழு மடங்கு விரியும். 10 அடி ஷீட் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் முக்கால் சென்டிமீட்டர்கூட நீளும். ஸ்குரூ ஓட்டையைப் பெரிதாக விடாவிட்டால் ஷீட் முறுக்கிக்கொண்டு ஓட்டை வழியாகவே ஒழுகும். மழை பெய்தால் அடுப்படியில் பேச முடியாது. கார் நிறுத்தும் இடத்துக்குச் சரி, சமையலறைக்கு வேண்டாம்.

ஓட்டுவீட்டுக்காரன்:
எங்கள் தாத்தா வீட்டு அடுப்படியில் நாட்டு ஓட்டுக்கு நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு. அவ்வளவுதான். பாட்டி ஐம்பது வருடம் அதன் கீழே சமைத்தார். 40 சதுர அடி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அஞ்சறைப்பெட்டி:
டஃபன்ட் மட்டும் தனியாகத் தலைக்கு மேல் வைக்காதீர்கள் அண்ணா. எங்கள் வீட்டில் ஒரு மதியம், யாரும் தொடவில்லை, எதுவும் விழவில்லை, தானாகவே படாரென்று வெடித்தது. சின்னச் சின்னத் துண்டுதான், குத்தாது என்பார்கள். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகவும் விழுந்தது. குழம்புச் சட்டி, அரிசி டப்பா எல்லாவற்றிலும் கண்ணாடி. நல்லவேளை, நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சைட் இன்ஜினியர்:
அக்கா சொன்னது நடக்கிற விஷயம். கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் சிக்கியிருந்தால் டஃபன்ட் கண்ணாடி வருடங்கள் கழித்தும் தானாக உடையலாம். லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். தலைக்கு மேல் கண்ணாடி என்றால் லேமினேட்டட்தான், இதில் பேரம் வேண்டாம். டஃபன்ட் செய்த இரண்டு கண்ணாடிகளையே லேமினேட் செய்தும் தருவார்கள்.

ஆனால் உங்கள் பெரிய பிரச்சினை உடைவது அல்ல, சூடு. 8-க்கு 5 என்றால் சுமார் 3.7 சதுர மீட்டர். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் விழும், சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். மூன்று அயர்ன் பாக்ஸை மதியம் முழுக்க ஓடவிட்ட மாதிரி. அடுப்பு வேறு. உங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழலே விழாது. குளிர் நாட்டு வீடுகளின் படத்தைப் பார்த்துக் கண்ணாடிக் கூரை கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அவர்களுக்கு வெயில் விருந்தாளி, நமக்கு வாடகைக்கு இருப்பவர்.

இன்னொரு வழி இருக்கிறது. பழைய அடுப்படியும் புது இடமும் சேரும் இடத்தில் தளத்தை மட்டும் இரண்டரை அடி உயர்த்துங்கள். உயர்த்திய பகுதிக்கு மேலே கான்கிரீட், தெற்கே சுவர், வடக்குப் பக்கம் முழுக்க நேர்க்குத்தாகக் கண்ணாடி. தேங்காய் விழுந்தால் கான்கிரீட்டில் விழட்டும்.

கீழவீதி:
நல்ல யோசனை சார். வடக்கே குளியலறைத் தளமும் அதற்கு அப்பால் ஒரு ஓட்டு வீடும்தான், மறைப்பு இல்லை. வடக்கு என்றால் வெயிலே வராதுதானே?

சைட் இன்ஜினியர்:
வரும். அது மேலைநாட்டுப் புத்தகக் கணக்கு. நம் ஊரில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். ஜூனில் மதியம் சுமார் 77 டிகிரி உயரத்தில் நிற்பதால் ஒன்றரை அடி சன்ஷேட் போதும், கண்ணாடிமேல் மதிய வெயில் படாது. காலையிலும் சாயங்காலமும் கொஞ்சம் சாய்வாக வரும், அது பரவாயில்லை.

அந்த நேர்க்குத்துக் கண்ணாடியின் மேல் பாதியில் லூவர் (சாய்வான பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு) வையுங்கள். சூடும் தாளிப்புப் புகையும் மேலே ஏறி அது வழியாகப் போய்விடும். படுக்கைவாட்டில் கண்ணாடி வைத்திருந்தால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு முழுக்க அடிப்பக்கம் ஒட்டியிருக்கும், ஏணி போட்டுத் துடைக்க வேண்டியிருக்கும்.

கீழவீதி:
அம்மாவுக்குச் சம்மதம். மனைவி மட்டும் “வானம் எங்கே?” என்கிறாள். சிங்க்குக்கு மேலே, தென்னைக்கு எட்டாத வடமேற்கு மூலையில், 2-க்கு 2 அடி மட்டும் விடலாமா?

சைட் இன்ஜினியர்:
தாராளமாக. மொத்தம் நாலே சதுர அடி, சூடு தாங்கும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். சில விஷயங்களைக் கவனியுங்கள். திறப்பைச் சுற்றி 6 அங்குல உயரக் கான்கிரீட் கட்டையைத் தளத்தோடு சேர்த்தே வார்க்கச் சொல்லுங்கள். பிறகு செங்கல் வைத்துக் கட்டினால் அந்த இணைப்பில்தான் ஒழுகும். திறப்பின் நாலு மூலையிலும் குறுக்காகக் கூடுதல் கம்பி போட வேண்டும், இல்லாவிட்டால் மூலையிலிருந்து விரிசல் ஓடும். கண்ணாடியை மட்டமாக வைக்காதீர்கள். இரண்டு அடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு கொடுங்கள், தண்ணீரும் தூசியும் தங்காது.

டஃபன்ட் செய்த கண்ணாடியை அப்புறம் வெட்டவே முடியாது. அதனால் சென்ட்ரிங் பிரித்த பிறகு திறப்பை அளந்து ஆர்டர் கொடுங்கள், பிளானைப் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

சிலிகானில் வினிகர் வாடை அடிக்கிற ரகம் வேண்டாம். அது லேமினேட் ஓரத்தைக் கெடுக்கும், சிமெண்டிலும் சரியாகப் பிடிக்காது. ‘நியூட்ரல் கியூர்’ என்று கேட்டு வாங்குங்கள். ஃபிரேம் அலுமினியமாக இருக்கட்டும். அதிராம்பட்டினம் பக்கமிருந்து உப்புக்காற்று வருகிற ஊரில் இரும்பு பைப் நாளாக நாளாகத் துரு கக்கும்.

காவிரிக்கரை:
கஜா புயலை மறந்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் எங்கள் தெருவில் பறந்த ஷீட்டுகளில் பாதி காற்று மேலேயிருந்து அழுத்தியதால் போகவில்லை, கீழேயிருந்து தூக்கியதால் போனது. வெறும் சிலிகானை நம்பாமல் நாலு பக்கமும் உலோகப் பட்டி வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள்.

கீழவீதி:
எல்லாருக்கும் நன்றி. கொத்தனாரிடம் பேசிவிட்டேன். தளத்தை உயர்த்துவதற்குச் சென்ட்ரிங் வேலை இரண்டு நாள் கூடுமாம், ஆனால் 40 சதுர அடி லேமினேட்டட் வாங்குவதைவிட மொத்தச் செலவு குறைவாகத்தான் வருகிறது. வடக்குக் கண்ணாடிக்கு 6 எம்.எம். டஃபன்ட், நேர்க்குத்து என்பதால். சிங்க்குக்கு மேலே மட்டும் 2-க்கு 2 லேமினேட்டட். “நிலா தெரியுமா?” என்பது மனைவியின் அடுத்த கேள்வி, பார்க்கலாம்.

அஞ்சறைப்பெட்டி:
லூவருக்கு உள்பக்கம் கொசுவலை, கழற்றிக் கழுவுகிற மாதிரி. இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் மாட்ட இடம் இருக்காது.