டுப்ரோவ்னிக்: தம்பதியர் சேர்ந்தே சுற்றுவதா, பிரிந்து பார்ப்பதா?

அலைவாய் எழுதியது:

செப்டம்பரில் நானும் என் மனைவியும் குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரில் சில நாட்கள் தங்கவிருக்கிறோம். எனக்கு அரண்கள், பீரங்கி மேடைகள், முற்றுகைகளின் வரலாறு ஆகியவற்றில் ஈடுபாடு அதிகம். அவருக்கோ மடங்கள், பழைய ஆவணங்கள், மருத்துவ வரலாறு ஆகியவற்றில்தான் நாட்டம்; உயரமான இடங்களில் நெடுநேரம் நிற்பதும் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பகலில் அவரவர் விரும்பும் இடங்களைத் தனித்தனியே பார்த்துவிட்டு மாலையில் சந்திக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இவ்வளவு தூரம் சேர்ந்து சென்றுவிட்டுப் பிரிந்து சுற்றுவதில் பொருளில்லை என்பது அவருடைய கருத்து. அந்நகரை அறிந்தவர்கள் காரணங்களோடு கருத்துக் கூற வேண்டுகிறேன்.

கலங்கரை எழுதியது:

பிரிந்து பார்ப்பதே நல்லது என்பேன். மதில் நடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதிலின் சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் அதன் உயரம் 25 மீட்டரை எட்டுகிறது. படிகள் ஏராளம், நிழல் மிகக் குறைவு. அரண்களில் ஈடுபாடு உள்ளவர் வடமேற்கு மூலையிலுள்ள மின்செட்டா கோபுரத்தில் மட்டுமே நெடுநேரம் நிற்க விரும்புவார். உயரத்துக்கு அஞ்சும் ஒருவரை அந்த வெயிலில் காத்திருக்கச் செய்வது அன்பின் அடையாளமாகாது.

நகருக்கு வெளியே தனிப் பாறைமீது, கடல் மட்டத்திலிருந்து 37 மீட்டர் உயரத்தில் நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டையும் அப்படிப்பட்டதுதான். அதன் வெளிப்புறச் சுவர்கள் 12 மீட்டர் வரை தடிமன் கொண்டவை. நகரை நோக்கிய சுவரோ அறுபது சென்டிமீட்டர் மட்டுமே. கோட்டைத் தளபதி என்றேனும் குடியரசுக்கு எதிராகத் திரும்பினால், நகரிலிருந்தே அந்தச் சுவரைத் தகர்க்க முடிய வேண்டும் என்று எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். இதைக் கண்டு வியப்பவர் அங்கே அரைநாள் கூட இருப்பார். வியக்காதவருக்குக் கால்மணி நேரமே மிகுதி. அந்த அரைநாளில் உங்கள் மனைவி பிரான்சிஸ்கன் மடத்தின் இரட்டைத் தூண் முற்றத்தையும், 1317ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அதன் மருந்தகத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு தூண் தலைப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பொறுமையில்லாத துணை உடனிருந்தால் அது நடக்காது.

நெய்தல்நிலம் எழுதியது:

கலங்கரை தரும் தகவல்களை ஏற்கிறேன். அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவை ஏற்க இயலவில்லை. டுப்ரோவ்னிக்கைக் கோட்டைகள் ஒருபுறம், மடங்கள் மறுபுறம் என்று பிரித்துப் பார்த்தால், அந்த நகரம் எப்படி நிலைத்தது என்பதே புரியாமல் போய்விடும். ரகுசா என்ற பெயரில் 1808 வரை தன் காலில் நின்ற கடல் வணிகக் குடியரசு அது. பெரும்படை வைத்துக்கொள்ள வழியில்லாத அந்தச் சிறிய அரசு, வெனிசுக்கும் ஒட்டோமான் பேரரசுக்கும் இடையே பேச்சுவார்த்தையாலும், கப்பம் கட்டியும், கணக்கு வழக்கில் கறாராக இருந்தும் தப்பிப் பிழைத்தது. மதில்களைப் பார்த்தவருக்கு அதில் பாதிதான் தெரியும். மறுபாதி, 1516க்கும் 1522க்கும் இடையே கட்டப்பட்ட ஸ்பொன்சா மாளிகையில் இருக்கிறது. சுங்கச் சாவடியாகவும் நாணயச் சாலையாகவும் பயன்பட்ட அந்த மாளிகை, நகரத்தைத் தரைமட்டமாக்கிய 1667ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. இன்று குடியரசின் ஆவணங்கள் அங்கேதான் காக்கப்படுகின்றன. சற்றுத் தள்ளி ரெக்டர் மாளிகை. அரசின் தலைவரான ரெக்டரின் பதவிக்காலம் ஒரே ஒரு மாதம். அந்த மாதம் முழுவதும் அரசுப் பணிக்காக அன்றி அவர் மாளிகையை விட்டு வெளியேறக் கூடாது. சொந்தக் காரியங்களை மறந்து பொதுக் காரியங்களைக் கவனியுங்கள் என்ற பொருளில் உள்ளே ஒரு வாயிலின் மேல் இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள்.

லோவ்ரியெனாட்ஸின் மெல்லிய சுவரும் இந்த ஒரு மாதப் பதவியும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை. எந்தத் தனிமனிதனின் கையிலும் அதிகாரம் தங்கிவிடக் கூடாது என்பதே அந்த அச்சம். கணவர் சுவரை மட்டும் பார்த்து, மனைவி மாளிகையை மட்டும் பார்த்து, மாலையில் சந்தித்தால் இருவரும் இந்த இணைப்பைக் காணாமலே ஊர் திரும்புவார்கள். மேலும், பழைய நகரின் முதன்மைத் தெருவான ஸ்ட்ராடுனின் நீளமே ஏறத்தாழ 300 மீட்டர்தான். இவ்வளவு சிறிய நகரில் பிரிந்து செல்வதால் மிச்சமாகும் நேரமும் பெரிதாக இருக்காது.

கலங்கரை எழுதியது:

நண்பரே, நான் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லவில்லை. கவனத்தைப் பற்றியே சொன்னேன். துணைவர் சலிப்படைகிறாரா என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும்போது எதையும் ஆழமாகப் பார்க்க முடியாது. நீங்கள் கூறும் அந்த இணைப்பு இருவரும் பேசும்போது பிறப்பது. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்றால்தான் பிறக்கும் என்பதில்லை. ஒருவர் சுவரைப் பற்றிச் சொல்ல, மற்றவர் ரெக்டரைப் பற்றிச் சொன்னால் அந்தப் பேச்சுக்கு உயிர் கூடும். இருவரும் ஒன்றையே பார்த்திருந்தால் சொல்வதற்குப் புதிதாக என்ன மிஞ்சும்?

ஸ்ர்ஜ் மலையை எண்ணிப் பாருங்கள். 412 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு 1969இல் அமைக்கப்பட்ட கம்பிவட ஊர்தி 1991இல் குரோஷிய விடுதலைப் போரில் சிதைந்து, 2010இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. உச்சியில், நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படையினர் கட்டிய இம்பீரியல் கோட்டைக்குள் அண்மைக்காலப் போரைப் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. போர்க்காட்சிகளை எல்லோராலும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. விரும்பாதவரை அங்கே அழைத்துச் செல்வது முறையா?

திரைகடல் எழுதியது:

சேர்ந்தா, தனித்தா என்று வாதிடும் இருவரும் நேரத்தை மறந்துவிட்டீர்கள். உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் முற்பகல் முதல் பிற்பகல் வரை ஸ்ட்ராடுனில் நடப்பதே கடினம். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்கள், நான்காயிரம் பயணிகள் என்று நகராட்சி வரம்பு வகுத்த பிறகும் நெரிசல் முற்றிலும் ஒழியவில்லை. மதில் திறந்தவுடன் ஏறிவிட வேண்டும். நடுப்பகலில் குளிர்ந்த கல் கட்டடங்களுக்குள் இருந்துவிட்டு, மாலையில் தெருவுக்கு வரலாம். மதில் நடைபாதை இடஞ்சுழியாகச் செல்லும் ஒருவழிப் பாதை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். உயரத்துக்கு அஞ்சுபவர் பாதி வழியில், வந்த வழியே திரும்புவதாக எண்ணி ஏறக் கூடாது. எந்த வாயிலில் இறங்குவது என்பதை ஏறுமுன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

நெய்தல்நிலம் எழுதியது:

திரைகடல் சொல்லும் நேர ஒழுங்கே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. மதில் காலையில், மாளிகைகள் நடுப்பகலில் என்று வகுத்துக்கொண்டால் இருவருக்கும் உரியவை ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. பிரிய வேண்டிய தேவையே எழவில்லை.

போரைப் பற்றிக் கலங்கரை கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். யூகோஸ்லாவியப் படை நகரை முற்றுகையிட்டிருந்தபோது 1991 டிசம்பர் 6 அன்று நடந்த கடும் தாக்குதலைப் பற்றி அறிய அருங்காட்சியகத்துக்குச் சென்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை. மதில் மீதிருந்து கூரைகளைப் பார்த்தாலே போதும். அந்த முற்றுகையில் பழைய நகரின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எறிகணைகளால் தாக்குண்டன. பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் போருக்குப் பின் வேயப்பட்டவை. நிறம் மங்கி வெளிறியவை தப்பிப் பிழைத்தவை. நகரம் எவ்வளவு இழந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறோர் இடம் அங்கே இல்லை. அந்தக் காட்சியின் முன் தனியாக நிற்பதைவிடத் துணையோடு நிற்பதையே நான் விரும்புவேன். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. உறுதியாக நம்புகிறேன், அவ்வளவுதான்.

அலைவாய் எழுதியது:

மிக்க நன்றி. மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். நான் மதிலில் இருக்கும்போது அவர் லோக்ரும் தீவுக்குப் படகில் சென்று வருவது சரியாக இருக்குமா என்றும், மருத்துவ வரலாறு தொடர்பாக அந்த மருந்தகத்தைத் தவிர வேறென்ன காணலாம் என்றும் கேட்கிறார்.

கலங்கரை எழுதியது:

லோக்ரும் மிகவும் பொருத்தம். பழைய துறைமுகத்திலிருந்து கால்மணி நேரப் படகுப் பயணம். பழைய பெனடிக்டின் மடமும், மயில்கள் உலவும் தோட்டங்களும் உண்டு. தீவில் இரவு தங்க அனுமதியில்லை என்பதால் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டறிந்த பின்பே அவர் புறப்பட வேண்டும். காற்று வலுத்தால் படகுகள் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெய்தல்நிலம் எழுதியது:

லோக்ருமுக்கு அவர் தனியே செல்வதில் எனக்கு மறுப்பில்லை. அவருடைய இரண்டாம் கேள்விக்குரிய விடை, ப்லோச்சே வாயிலுக்கு வெளியே கடலையொட்டி வரிசையாக நிற்கும் லாசரெட்டி என்ற தனிமைப்படுத்தும் கட்டடங்கள். கொள்ளைநோய் பரவிய பகுதிகளிலிருந்து வருபவர்கள் நகருக்குள் நுழையுமுன் முப்பது நாட்கள் தனித்திருக்க வேண்டும் என்று 1377இலேயே ரகுசா சட்டம் இயற்றியது. தொடக்கத்தில் அருகிலிருந்த தீவுகளிலும் சவ்தாத் என்ற ஊரிலும் அவர்களைத் தங்க வைத்தார்கள். லாசரெட்டி 17ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்டது. வணிகத்தையும் நிறுத்தவில்லை, நோயையும் உள்ளே விடவில்லை. நிலவழியே வந்த வணிகரும் சரக்கும் வாயிலுக்கு வெளியே இங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதால், உங்களுக்கு இது காவல் அமைப்பு, உங்கள் மனைவிக்கு மருத்துவ வரலாறு. வேறு எந்த இடத்தை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் இருவரும் சேர்ந்தே செல்லுங்கள்.