மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிலிருந்து ஆவணப் பிரிவுக்கு: மாறியவர்களின் அனுபவங்கள்

வணக்கம். ஒன்பது ஆண்டுகள் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்தேன். இப்போது ஒரு மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் நான்காவது ஆண்டு. மாறலாமா வேண்டாமா என்று பலர் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். என்னைப் போல மாறியவர்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

நான் மாறக் காரணம் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள். முன்பெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கால் பெடலை அழுத்தி அழுத்தி, மருத்துவர் சொல்வது முழுவதையும் நாமே தட்டச்சு செய்தோம். 65 எழுத்து ஒரு வரி, வரிக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு மென்பொருள் எழுதித் தருவதைத் திருத்துவதே வேலையாகிவிட்டது. வரிக்கூலி குறைந்தது, ஆனால் கவனம் முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது. மென்பொருள் செய்யும் தவறு தவறு போலவே தெரியாது. விழுங்கச் சிரமப்படும் டிஸ்ஃபேஜியா இருக்க வேண்டிய இடத்தில், பேச்சுக் குறைபாடான டிஸ்ஃபேசியா எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். இதே கவனத்தை முழுக் கோப்பின் மீது செலுத்தினால் என்ன என்று தோன்றியது. விண்ணப்பித்தேன், வேலை கிடைத்தது.

முதல் நாள் என் மேசையில் மூன்று விரல் தடிமனில் ஒரு கேஸ் ஷீட்டை வைத்தார்கள். அதுவரை ஒரு நோயாளி என்றால் எனக்கு நான்கு நிமிட ஒலிப்பதிவு. இங்கோ செவிலியர் குறிப்பு, காய்ச்சலும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்கிய வரைபடம், உள்ளே போன நீர், வெளியேறிய நீர், மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவம், ஆய்வக முடிவுகள் என்று அடுக்கு அடுக்காக இருந்தன. எந்த உச்சரிப்பில் பேசினாலும் காதால் பிடித்துவிடும் எனக்கு, கையெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. ஒரு மருந்தின் பெயருக்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு மருத்துவரும் எழுத்தை எங்கே விழுங்குவார், எதை இழுப்பார் என்று கண்ணுக்குப் பழக இரண்டு மாதம் பிடித்தது.

எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தது ஒரு முழங்கால் அறுவை சிகிச்சைக் கோப்பு. நோயாளி வீடு திரும்பியபின் கோப்பை மூடும் முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தேன். அழகான வாக்கியங்கள், குறையே இல்லை. டிரான்ஸ்கிரிப்ஷனில் இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் அதில் இடது முழங்கால் என்று இருந்தது. ஒப்புதல் படிவத்திலும் அறுவை சிகிச்சைக் குறிப்பிலும் எக்ஸ்ரே அறிக்கையிலும் வலது. மூன்று இடத்தில் வலது என்றால் சம்மரியில்தான் தவறு என்று முடிவு செய்து, திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன்.

பக்கத்து மேசையில் இருந்த மூத்த பெண்மணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "எழுதியவர்தான் திருத்த வேண்டும். உங்களுக்குத் தெரிந்தாலும் நீங்கள் தொடக் கூடாது" என்றார். மருத்துவர் வந்து, தவறான சொல்லைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். வெள்ளை மை பூசக் கூடாது, சுரண்டக் கூடாது, தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி வைக்கவும் கூடாது. கணினிப் பதிவிலும் இதே முறைதான். பழையது அப்படியே இருக்கும், திருத்தம் தனியாகச் சேரும்.

அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்கிரிப்ஷனில் சொல் புரியாவிட்டால் நாம் என்ன செய்வோம்? ஊகித்து எழுத மாட்டோம். வெற்றிடம் விட்டு, ஒலிப்பதிவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்து அனுப்புவோம். பதினைந்தா ஐம்பதா என்று சந்தேகம் வந்தால் மருந்தின் அளவை ஒருநாளும் நாமாகப் போட மாட்டோம். அந்தக் கட்டுப்பாடு என் விரல்களில் ஊறியிருந்தது. ஆனாலும் தாளும் பேனாவும் கைக்கு வந்தவுடன் மறந்துபோனேன். மாறி வருபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: அந்த வெற்றிடம் விடும் பழக்கத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். வேறு எந்தத் திறமையைவிடவும் இங்கே அதற்குத்தான் மதிப்பு.

விட்டுவிட வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. அங்கே சொன்னதை எழுதினால் போதும். இங்கே எழுதாமல் விட்டதைத் தேட வேண்டும். ஒப்புதல் படிவத்தில் சாட்சி கையெழுத்து இல்லை, மூன்றாம் நாள் மருத்துவர் குறிப்பே இல்லை, இரத்தம் ஏற்றியதற்குச் செவிலியர் பதிவு இருக்கிறது, மருத்துவரின் உத்தரவைக் காணவில்லை. இல்லாத ஒன்று கண்ணில் பட எனக்கு ஓராண்டு ஆயிற்று.

* * *

சகோதரரின் அனுபவத்தைப் படித்தபோது என்னுடைய ஆரம்ப நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் ஆவணப் பிரிவில் கோடிங் செய்கிறேன். நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 தொகுதியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுவது என் வேலை.

மருத்துவச் சொற்கள் எல்லாம் தெரியும் என்ற தைரியத்தில் முதல் வாரம் வேகமாகப் போட்டுத் தள்ளினேன். பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. சொல் தெரிவது ஒன்று, அந்தச் சொல் எவ்வளவு சொல்கிறது என்று எடைபோடுவது இன்னொன்று. 'சர்க்கரை நோய்' என்று மட்டும் மருத்துவர் எழுதியிருந்தார். நோயாளிக்கு அறுபது வயது, மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டாம் வகைதானே என்று இ11 போட்டேன். வகை குறிப்பிடப்படவில்லை என்றால் இ14, இல்லையென்றால் மருத்துவரைக் கேள் என்றார் என் மேலாளர். வயதையும் மாத்திரையையும் வைத்து நோயை முடிவு செய்ய எனக்கு யார் உரிமை கொடுத்தது?

கேட்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். "இது இரண்டாம் வகைதானே டாக்டர்?" என்று கேட்டால் பாதி பதிலை நாமே கொடுத்துவிடுகிறோம். அவசரத்தில் இருப்பவர் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். "சர்க்கரை நோயின் வகை குறிக்கப்படவில்லை, தயவுசெய்து தெளிவுபடுத்துங்கள்" என்று எழுத்தில் கேட்கப் பழகினேன். நிமோனியாவிலும் இப்படித்தான். சளிப் பரிசோதனையில் எந்தக் கிருமி என்று தெளிவாகவே வந்திருக்கும். ஆனால் மருத்துவர் 'நிமோனியா' என்று மட்டும் எழுதியிருந்தால், ஆய்வக முடிவை வைத்து நானே குறியீட்டை மாற்றிவிட முடியாது. கேட்டுப் பதில் வரும்வரை, கிருமி குறிப்பிடப்படாத நிமோனியாவுக்கான ஜே18.9தான்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது தொகுதியின் இருபதாம் அத்தியாயம். தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் எஸ்72.0. அதோடு நிற்காது. எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார் என்பதற்கும் அந்த அத்தியாயத்தில் குறியீடு உண்டு. நான் தட்டச்சு செய்த நூற்றுக்கணக்கான எலும்பு முறிவு அறிக்கைகளில் ஒருமுறைகூட இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததில்லை. இப்போது செவிலியரின் சேர்க்கைக் குறிப்பில் 'குளியலறையில் வழுக்கி' என்ற இரண்டு சொல்லைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன். அந்த இரண்டு சொல் கிடைக்காவிட்டால், முதியவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று யாராலும் எண்ண முடியாது.

இறப்புச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறப்பின் காரணமாக 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதப்பட்டு வரும் படிவங்கள் என்னை வருத்தப்பட வைக்கின்றன. எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். இறப்பில் போய் முடிந்த வரிசையை எந்த நோய் தொடங்கிவைத்தது என்பதே படிவத்தின் முதல் பகுதியின் கடைசி வரியில் வர வேண்டும். ஒரு மனிதரைப் பற்றி மருத்துவமனை எழுதும் இறுதி வாக்கியம் அது. அதைத் திருப்பி அனுப்ப நான் தயங்குவதே இல்லை, மருத்துவர் முகம் சுளித்தாலும் சரி.

கோடிங் பக்கம் வர நினைப்பவர்களுக்கு ஒன்று: ஐ.சி.டி. 11 என்ற அடுத்த பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஒவ்வொரு நாடும் தன் வசதிப்படி மாறிக்கொண்டிருக்கிறது. 10ஐ ஒழுங்காகக் கற்றுக்கொண்டு 11இன் அமைப்பையும் பார்த்து வையுங்கள்.

* * *

எனக்கு ஒத்துவரவில்லை. அதையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எட்டு மாதம் இருந்தேன். வீட்டிலிருந்து இரவு வேலை செய்து, பகலில் அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தவள் நான். ஆவணப் பிரிவு குறித்த நேரத்துக்கு நேரில் போக வேண்டிய வேலை. தொடக்கச் சம்பளமும், மென்பொருள் எழுதியதைத் திருத்தும் எடிட்டிங்கில் வாங்கியதைவிடக் குறைவு. அனுபவம் கணக்கில் வரும் என்றார்கள், வரவில்லை. வேலையில் எனக்குக் குறை இல்லை, வீட்டு நிலைமை இடம் தரவில்லை. எடிட்டிங்குக்கே திரும்பிவிட்டேன். ஆனாலும் ஒரு சம்மரியைத் திருத்தும்போது இப்போது அதன் பின்னால் இருக்கும் கோப்பு என் கண்ணுக்குத் தெரிகிறது. ஒலிப்பதிவின் நடுவே இடது வலது மாறிப்போனால் உடனே சந்தேகம் என்று கொடி போட்டு அனுப்புகிறேன்.

* * *

நான் இன்னும் காகிதக் கோப்புகள் உள்ள இடத்தில் வேலை செய்கிறேன். தட்டச்சுக்காரர்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று, உடல் உழைப்பு. ஏணி ஏற வேண்டும், தூசி இருக்கும், ஒரு கட்டுக் கோப்பைத் தூக்கி நகர்த்த வேண்டும்.

எண்ணின் கடைசியிலிருந்து அடுக்கும் முறைதான் எங்களிடம். 48-15-32 என்ற கோப்பு வேண்டுமென்றால் முதலில் 32ஆம் பிரிவு, அதற்குள் 15, அதற்குள் 48. புதிய எண்கள் வரிசையாக வருவதால், முன்னாலிருந்து அடுக்கினால் புதுக் கோப்புகள் எல்லாம் ஒரே மூலையில் குவிந்துவிடும். கடைசி இரண்டு இலக்கத்தை வைத்தால் 100 பிரிவுகளிலும் சமமாகப் பரவும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லித் தெரியவைக்க முடியாது.

ஆனால் ஒரு கோப்பு இடம் மாறினால் போயிற்று. ஒரு நாள் புறநோயாளிப் பிரிவில் ஒருவர் காத்திருக்கிறார், கோப்பு இல்லை. யார் எடுத்தார்கள் என்று எழுதி அந்த இடத்தில் செருகும் அட்டையும் இல்லை. இரண்டு மணி நேரம் தேடினோம். 32இல் இருக்க வேண்டியது 23இல் இருந்தது. எண்ணைத் தலைகீழாகப் படித்து வைத்தது நான்தான். அந்த நோயாளிக்கு முன்பு ஒரு மருந்து ஒவ்வாமல் போன விவரம் அந்தக் கோப்பில் மட்டுமே இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கோப்பையும் வைக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வைக்கிறேன்.

மனிதர்களை நேரில் பார்ப்பதும் புதிது. அம்மாவின் கோப்பு நகல் வேண்டும் என்று ஒரு மகன் வந்தார். அவர் அம்மா உயிரோடு, நல்ல நினைவோடு இருக்கிறார். அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது என்றேன். கோபப்பட்டார், பிறகு குரல் உடைந்து, "என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்" என்றார். நாற்காலியில் உட்காரச் சொல்லி, படிவத்தைக் கொடுத்து, எங்கே யார் கையெழுத்திட வேண்டும் என்று காட்டினேன். அவர் கேட்டது என்னவென்று எனக்குத் தெரியும், கோப்பைப் படித்திருந்தேன். தெரிந்தும் முகத்தில் காட்டாமல் இருந்த அந்தப் பத்து நிமிடம் எந்த ஒலிப்பதிவைவிடவும் கடினமாக இருந்தது.

* * *

தொடங்கியவன் மீண்டும் வருகிறேன். திரும்பிப் போன சகோதரி எழுதியதை எல்லோரும் படியுங்கள், சம்பளமும் நேரமும் முதலிலேயே பேசித் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். என்னிடம் நிமிடத்துக்கு எத்தனை சொல் தட்டச்சு செய்வேன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கேஸ் ஷீட்டின் நகலைக் கையில் கொடுத்து, பெயர் முதலிய விவரங்களை மறைத்திருந்தார்கள், "இதில் என்ன இல்லை?" என்று கேட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் இரண்டைச் சொன்னேன். மொத்தம் ஐந்து விடுபட்டிருந்தன. மூன்றாவதாக ஒரு கையெழுத்தைக் காட்டி யாருடையது என்று கேட்டபோது, "படிக்க முடியவில்லை, ஊகிக்க விரும்பவில்லை" என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் எடுத்தோம் என்று பின்னால் சொன்னார்கள்.