அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர்: நேவி இன்ஜின் ரூம் ஆஸ்பெஸ்டாஸா, சிகரெட்டா?

பட்டர்வொர்த் குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு, போன மாசம் லங் கேன்சர்னு சொல்லிட்டாங்க. 1975லேருந்து 1996 வரைக்கும் மலேசிய நேவில இன்ஜின் ரூம் மெக்கானிக், கடைசி பத்து வருஷம் பேராக்ல இருக்கிற லூமுட் நேவி பேஸ்ல. டாக்டர் சிகரெட் குடிப்பீங்களான்னு கேட்டாரு, 1990 வரைக்கும் தினம் ஒரு பாக்கெட்னு அப்பா உண்மைய சொன்னாரு, அதோட முடிஞ்சுது. என்ன வேலை பாத்தீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. எக்ஸாஸ்ட் பைப்புல சூடு வெளிய வராம இருக்க சுத்தியிருக்கிற வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உறைய, லேகிங்னு சொல்வாங்களே, அத கையாலயே பிச்சு எடுப்பாங்களாம், பழைய கேஸ்கெட்ட வயர் பிரஷ் போட்டு சுரண்டுவாங்களாம், மாஸ்க்கெல்லாம் கண்ணுலயே பாத்ததில்லையாம். குவார்ட்டர்ஸ்ல அம்மா அப்பாவோட வேலை ஓவரால உதறிட்டுத்தான் ஊற வைப்பாங்க, பஞ்சு மாதிரி தூசி பறக்கும், அது எனக்கே ஞாபகம் இருக்கு. இத சர்வீஸ்ல வந்த வியாதின்னு எழுதி இழப்பீடு கேக்க முடியுமா?

செந்தூல் சார்ஜன்:
தம்பி, நானும் ஆர்மில 21 வருஷம் போட்டவன், அப்பாவுக்காக வேண்டிக்கிறேன். ஆனா அத்தனை வருஷம் தினம் ஒரு பாக்கெட் குடிச்சவருக்கு லங் கேன்சர்னா எந்த மெடிக்கல் போர்டும் சிகரெட்னுதான் எழுதும். ஆஸ்பெஸ்டாஸ் எங்க இல்ல? லயத்து வீட்டுக் கூரையே அதுதான, நாம எல்லாரும் அதுக்குக் கீழதான வளந்தோம்.

பிறை மிசி:
கூரை வேற, லேகிங் வேற அண்ணே. கூரைத் தகட்டுல ஆஸ்பெஸ்டாஸ் நாரு சிமெண்ட்ல இறுகிக் கெடக்கு, அறுத்தா உடைச்சாத்தான் பறக்கும். லேகிங் தொட்டாலே உதிரும், அதுவும் மூடின இன்ஜின் ரூம்ல எங்க போகும், மூச்சுலதான் போகும். சிகரெட் குடிச்சவர்னா ஆஸ்பெஸ்டாஸ் கணக்குல வராதுங்கறதும் தப்பு. அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளிங்கள வச்சு 1979ல ஒரு ஆய்வு வந்துச்சு. ரெண்டும் இல்லாதவங்களோட ஒப்பிட்டா லங் கேன்சர் சாவு ஆஸ்பெஸ்டாஸ் மட்டும்னா 5 மடங்கு, சிகரெட் மட்டும்னா 11 மடங்கு, ரெண்டும் சேந்தா 50 மடங்குக்கு மேல. அஞ்சையும் பதினொண்ணையும் கூட்டிப் பாருங்க, அம்பது வருதா?

செந்தூல் சார்ஜன்:
அப்பவும் 11தான பெருசு தங்கச்சி. மீசோதெலியோமான்னா, அதான் நுரையீரல சுத்தியிருக்கிற சவ்வுல வர்ற கேன்சர், நானே ஒத்துக்குவேன், அதுக்கு சிகரெட் காரணமில்ல. இது சாதாரண லங் கேன்சர், மைக்ரோஸ்கோப்ல பாத்தாலும் எதனால வந்துச்சுன்னு பிரிக்க முடியாது. என்கூட சர்வீஸ் பண்ணவரு ஒருத்தர் வேற வியாதிக்காக நாலு வருஷம் ஃபைல தூக்கிட்டு அலைஞ்சாரு, பதில் வர்றதுக்குள்ள ஆளே போயிட்டாரு. அந்த அலைச்சல் இந்தக் குடும்பத்துக்கு வேணாம்னுதான் சொல்றேன். இருக்கிற நாள அப்பாகூட இருங்க தம்பி.

கெப்போங் விக்கி:
அண்ணே சொல்றது புரியுது, ஆனா நூத்துக்கு நூறு நிரூபிக்கணும்னு யாரு சொன்னா? அமெரிக்காவுல வெட்டரான் கேஸ்ல, அதாவது முன்னாள் ராணுவத்தினர் இழப்பீடு கேக்குற கேஸ்ல, மூணு விஷயம்தான் பாக்குறாங்க, வியாதி இருக்கா, சர்வீஸ்ல ஆஸ்பெஸ்டாஸ் பட்டாரா, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரா. அந்த டாக்டரும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குன்னு எழுதினா போதும். நேவில எந்த வேலைக்கு எவ்வளவு ஆஸ்பெஸ்டாஸ் பட்டிருக்கும்னு லிஸ்டே வச்சிருக்காங்க, பாய்லர், இன்ஜின் ஆளுங்க அதுல மேல இருக்காங்க. சர்வீஸ்ல பழகின சிகரெட்டால வந்துச்சுன்னு கேட்டா 1998லேருந்து தரமாட்டாங்க, ஆனா சிகரெட் குடிச்சாருன்னு ஆஸ்பெஸ்டாஸ் கேஸ கிழிச்சுப் போடறதும் இல்ல.

செந்தூல் சார்ஜன்:
அது அமெரிக்கா. இங்க மலேசியாவுல 1994ல வந்த ஓஷா, அதான் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், அதுலயே ஆர்ம்ட் ஃபோர்ஸஸுக்கு விலக்கு கொடுத்துட்டாங்க. அந்தக் காலத்துல கப்பல் இன்ஜின் ரூம்ல தூசிய எவன் அளந்து வச்சிருப்பான்?

பிறை மிசி:
அளந்திருக்கணும்னு அவசியமில்ல. 1997ல பின்லாந்து ஹெல்சிங்கியில நிபுணர்கள் கூடி எழுதின விதி இருக்கு, தூசிக் கணக்கு இல்லன்னா வேலை விவரத்த வச்சே முடிவு பண்ணலாம், ரொம்ப மோசமான வேலைன்னா ஒரு வருஷமே போதும், நடுத்தரம்னா அஞ்சுலேருந்து பத்து வருஷம். இவரு 21 வருஷம். இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கேன்னும் சந்தேகப்படாதீங்க, ஆஸ்பெஸ்டாஸ் அப்படித்தான் வரும். குமரன், சிடி ஸ்கேன் ரிப்போர்ட்ட எடுத்து புளூரல் பிளாக் (pleural plaque), அதாவது நுரையீரல் சவ்வுல தடிச்சுப்போன திட்டுன்னு எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க.

பட்டர்வொர்த் குமரன்:
இருக்கு அக்கா. ரெண்டாவது பக்கத்துல, ரெண்டு பக்கமும் கால்சியம் படிஞ்ச பிளாக்னு. அத பத்தி யாருமே எங்ககிட்ட சொல்லல.

பிறை மிசி:
அது மட்டும் கேன்சருக்கு இதான் காரணம்னு சொல்லாது, ஆனா ஆஸ்பெஸ்டாஸ் பட்டிருக்காருங்கறதுக்கு நெஞ்சுக்குள்ளயே இருக்கிற அடையாளம் அது. சிகரெட்டால பிளாக் வராது.

செந்தூல் சார்ஜன்:
அப்படின்னா நான் சொன்னத கொஞ்சம் மாத்திக்கிறேன். சிகரெட்டுக்குப் பங்கே இல்லன்னு சொல்லமாட்டேன், ஆனா கேக்காம விடாதீங்க. அப்பா தெம்பா இருக்கிறப்பவே எந்தக் கப்பல், எந்த வருஷம், கூட வேலை பாத்தவங்க பேரு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வாங்கி சைன் வாங்கிடுங்க. சர்வீஸ் ரெக்கோட் கேக்குற லெட்டர நான் எழுதித் தரேன், பிரைவேட் மெசேஜ் பண்ணுங்க.

பிறை மிசி:
குமரன், இன்னொண்ணு. அந்த ஓவரால உதறினது அம்மா. அவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா?

பட்டர்வொர்த் குமரன்:
இல்லக்கா. அம்மாவ பத்தி நான் நினைக்கவே இல்ல. திங்கக்கிழமை அப்பாவுக்கு அப்பாயிண்ட்மெண்ட் இருக்கு, அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்.