அடுப்புப் புகைக்குழாயின் ‘டேம்பர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புகைக்குழாய் வைத்த இரட்டை மண்ணடுப்பு கட்டுவதற்கான கையேடு ஒன்றைக் கொத்தனார்களுக்காகத் தமிழாக்கம் செய்துவருகிறேன். அடுப்புவாய், கொடியடுப்பு (முதல் அடுப்பின் தீயிலேயே சூடாகும் பக்க அடுப்பு), குமிழ் (பாத்திரத்தைத் தாங்கும் மேடு), புகைபோக்கி என்று பெரும்பாலான உறுப்புகளுக்கு ஊர்ச்சொல்லே இருக்கிறது. சிக்கல் டேம்பரில்தான். கொடியடுப்பைத் தாண்டிப் புகை குழாய்க்குள் ஏறும் இடத்தில் செருகும் இரும்புத் தகடு அது. வெளியே இழுத்தால் புகைவழி அகலும், உள்ளே தள்ளினால் குறுகும். ‘தணிப்பான்’ என்ற சொல் அதிர்வைக் குறைக்கும் கருவிக்கு ஏற்கெனவே புழங்குகிறது. ‘புகைத்தடுப்பான்’ எனலாமா?

அன்புடன்,
செ.க.

---

> ‘புகைத்தடுப்பான்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. ஆபத்தான சொல். புகைத்தடுப்பான் என்று படிப்பவர், சமையலறையில் புகை வந்தால் அதை மூட வேண்டும் என்றுதான் நினைப்பார். மூடினால் புகை முழுவதும் அடுப்புவாய் வழியாக முகத்தில் அடிக்கும். செய்ய வேண்டியது நேர்மாறான வேலை. கையேட்டுச் சொல் கையைத் தவறான பக்கம் தள்ளக் கூடாது.

பாய்லர் வேலை செய்பவர்கள் ‘டேம்பர்’ என்றே சொல்கிறார்கள். எதுவும் அமையாவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இரா.மு.

---

அன்பின் செ.க., இரா.மு.,

அந்தத் தகடு செய்யும் வேலையிலிருந்து தொடங்கலாம். புகைக்குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசானது. அந்த எடை வேறுபாடுதான் இழுப்பு. இரண்டரை மீட்டர் உயரக் குழாயில் புகை 150 டிகிரி செல்சியசும் வெளிக்காற்று 30 டிகிரியும் இருந்தால் கிடைக்கும் இழுப்பு ஏறத்தாழ 8 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). மிகச் சிறிய அளவுதான், ஆனால் அடுப்பு நடப்பது அதை நம்பித்தான். பற்றவைத்த புதிதில் குழாய் குளிர்ந்திருப்பதால் இழுப்பு குறைவு, வழி முழுவதும் திறந்திருக்க வேண்டும். குழாய் சூடேறிய பிறகு இழுப்பு கூடிவிடும். அப்போதும் முழுக்கத் திறந்தே விட்டால் தீ பானையடியில் நிற்காமல் குழாய்க்குள் ஓடும். தேவைக்கு மேல் உள்ளே வரும் குளிர்காற்றையும் சேர்த்துச் சூடாக்க விறகு வீணாகும். ஆகவே அந்தத் தகடு புகையைத் தடுப்பதும் இல்லை, தீயைத் தணிப்பதும் இல்லை. ஓடுவதை மட்டாக விடுகிறது.

ஏரியில் அந்த வேலையைச் செய்வது மதகு. புகைமதகு என்று முன்மொழிகிறேன். ‘மதகைத் திற’, ‘மதகை அரைவாசி இறக்கு’ என்ற வினைகள் ஊர்ப்பேச்சில் ஆயத்தமாக இருக்கின்றன. திறந்தால் கூடுதலாக ஓடும், இறக்கினால் குறையும் என்பதை உழவர் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. சில அடுப்புகளில் முன்வாயிலும் ஒரு தகடு இருக்கும். குவாத்தமாலாவில் 1976 நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய லொரேனா மண்ணடுப்பில் அப்படி வைத்தார்கள். முன்னது உள்ளே வரும் காற்றை மட்டுப்படுத்துகிறது, பின்னது வெளியேறும் புகையை. இரண்டையுமே டேம்பர் என்று எழுதினால் கொத்தனார் எதை எங்கே வைப்பார்? காற்றுமதகு, புகைமதகு என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

வே.ந.

---

புகைமதகுக்கு என் ஒப்புதல். ஆனால் ஒரு திருத்தம். மதகு என்பது கட்டுமானம் முழுவதும், அதில் ஏறி இறங்குவது பலகை. அடுப்பில் கொத்தனார் கட்டும் சட்டத்துக்கும் கொல்லுப்பட்டறையில் வெட்டி வாங்கும் தகட்டுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாவிட்டால் பொருள் பட்டியல் எழுத முடியாது. சட்டமும் தகடும் சேர்ந்தது புகைமதகு, அசையும் உறுப்பு மதகுத்தகடு என்று வரையறுக்கலாம். நெருப்பில் நிற்பதற்குப் ‘பலகை’ பொருந்தாது, மரம் என்று நினைத்துவிடுவார்கள். குழாய்க்குள் அச்சில் சுழலும் வட்டத்தகடு வகையைச் ‘சுழல் மதகு’ என்றால் போதும்.

இரா.மு.

---

நண்பர்களுக்கு நன்றி. புகைமதகு, காற்றுமதகு, மதகுத்தகடு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். கையேட்டில் அந்தப் பகுதி இப்படி வரும், சொற்கள் உறுத்தினால் சொல்லுங்கள்:

“புகைவழி 10 செ.மீ.க்கு 10 செ.மீ. என்றால் மதகுத்தகடு 12 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம், 2 மி.மீ. கனம் இருக்க வேண்டும். டப்பாத் தகரம் சூட்டில் நெளிந்து சிக்கிக்கொள்ளும். பிடிக்க வசதியாக வெளிமுனையை மடக்கிவிடவும். மண்ணில் நேரடியாகக் கீறல் விட்டுத் தகட்டைச் செருகினால் சில வாரங்களில் விளிம்பு உதிர்ந்து இடைவெளி பெரிதாகும். இரண்டு சிறு இரும்புக் கோணச்சட்டங்களை 5 மி.மீ. இடைவெளியில் பதித்து, அதற்குள் தகட்டை ஓடவிடவும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் இருந்தால் அதை அறுத்து மதகு வைக்கக் கூடாது, தூள் நுரையீரலுக்குக் கேடு. மதகைக் குழாய்க்குக் கீழே செங்கல் கட்டுமானத்தில் வைக்கவும்.

பற்றவைக்கும்போது புகைமதகு முழுவதும் திறந்திருக்கட்டும். பத்து நிமிடம் கழித்து மெல்ல உள்ளே தள்ளவும். அடுப்புவாயில் புகை எட்டிப் பார்க்கும்போது நிறுத்தி, ஒரு விரல் அகலம் வெளியே இழுத்துவிடவும். கொடியடுப்பில் பாத்திரம் இல்லையென்றால் கொடியடுப்பை மூடி வைக்கவும். திறந்து கிடந்தால் அங்கிருந்து குளிர்காற்று புகுந்து இழுப்பு செத்துவிடும், மதகை எப்படி வைத்தாலும் பயனில்லை.”

இழுப்பு நாளாக நாளாகக் குறைந்தால் முதலில் குழாயைப் பார்க்கவும் என்றும் சேர்த்திருக்கிறேன். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 1 செ.மீ. புகைக்கரி படிந்தாலே வழியின் பரப்பில் 36 சதவீதம் போய்விடும்.

செ.க.

---

பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஒன்றுதான் விட்டுப்போயிற்று, அது உயிர் பற்றிய செய்தி. ஏரி மதகை முழுக்க அடைக்கலாம். புகைமதகை ஒருபோதும் அடைக்கக் கூடாது. ‘மதகு’ என்று பெயர் வைத்த நாம்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரவில் தணலைக் காப்பதற்காக மூடிவைக்கத் தோன்றும். தணலில் கண்ணுக்குத் தெரியும் புகை இருக்காது. கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணமும் இல்லை. சமையலறையிலேயே படுத்துறங்கும் வீடுகள் உண்டு.

அறிவுரையோடு நிறுத்தாமல் தகட்டிலேயே இதைச் செய்துவிடலாம். உள்முனையின் நடுவில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரமாக வெட்டி எடுத்துவிட்டால், முழுக்கத் தள்ளினாலும் புகைவழியில் கால்பங்கு திறந்தே இருக்கும். அந்த வெட்டுக்கு உயிர்வழி என்று பெயர் கொடுத்து, ‘உயிர்வழி வெட்டாத தகட்டைப் பொருத்தாதே’ என்று படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.

வே.ந.