வேலையை விட்ட பிறகும் கைரேகையை அழிக்காத கம்பெனி: வழக்கு நிற்குமா? (இல்லினாய், அமெரிக்கா)

கேள்வி: வருகைப் பதிவுக்கு எடுத்த கைரேகையை, ஆள் வேலையை விட்ட பிறகும் கம்பெனி வைத்திருக்கிறது. எதுவும் கசியவில்லை, பண நஷ்டமும் இல்லை. வழக்குத் தொடர உரிமை உண்டா?

பதில் 1: மாநில நீதிமன்றத்தில் தாராளமாக. சிக்ஸ் ஃபிளாக்ஸ் வழக்கில் (2019) இல்லினாய் உச்ச நீதிமன்றம், கைரேகை போன்ற உடலடையாளங்களைக் காக்கும் மாநிலச் சட்டத்தை (BIPA) மீறியதே போதும், தனியாக நஷ்டம் காட்ட வேண்டாம் என்றது. கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் சிக்கல். அங்கே திட்டவட்டமான பாதிப்பு வேண்டும். காம்பஸ் குரூப் வழக்கில் (மே 2020) ஏழாவது சர்க்யூட் (இல்லினாய்க்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்), தகவலை எவ்வளவு காலம் வைத்து எப்போது அழிப்போம் என்ற கொள்கையைப் பகிரங்கமாக வெளியிடவில்லை என்பது மட்டும் போதாது என்றது. டக்கோட்டா வழக்கில் (நவம்பர் 2020) அதே நீதிமன்றம், சட்டவிரோதமாக வைத்திருப்பதே அந்தரங்க உரிமை மீதான பாதிப்பு என்றது. ஆகவே மனுவில் 'கொள்கை இல்லை' என்பதோடு நிறுத்தாதீர்கள். வேலையை விட்ட தேதி, இன்னும் அழிக்கவில்லை என்பது, இரண்டையும் எழுதுங்கள்.

பதில் 2: கெடுவும் முக்கியம். நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும், அல்லது கடைசித் தொடர்பிலிருந்து 3 ஆண்டுக்குள். எது முந்தியோ அது. வழக்குத் தொடர 5 ஆண்டு (2023 தீர்ப்பு). இழப்பீடு: அலட்சியத்துக்கு 1,000 டாலர், தெரிந்தோ பொறுப்பற்றோ மீறினால் 5,000.

பதில் 3: ஒரு வேடிக்கை: வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுப்பது கம்பெனிதான். அப்படி இழுத்தால், வாதிக்குப் பாதிப்பு உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்! நிரூபிக்காவிட்டால் வழக்கு தள்ளுபடியாகாது, மாநிலத்துக்கே திரும்பும். தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தால் மட்டும் கவனம். பெரும்பாலும் நடுவர் மன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.