ஊரடங்குக் காலத்துத் தேர்வுகள்: உங்களை இன்னும் உறுத்தும் அனுபவம் எது?

மூன்றாம் செமஸ்டர்க்காரி:
2021 பிப்ரவரியில் எழுதிய இணையவழித் தேர்வைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கூடமும் சமையலறையும்தான். கணக்குத் தேர்வின் நடுவே, நெடுநாள் ஆஸ்துமாக்காரரான தாத்தாவுக்கு இருமல் வந்தது. கேமராவிலும் மைக்கிலும் எங்களைக் கண்காணித்த மென்பொருள், முதல் இருமலுக்கே திரையில் எச்சரிக்கை எழுப்பியது. அடுத்த இருமலைக் காணோமே என்று ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவர் தோள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நான் பார்வையைத் திருப்பியதற்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. ஏப்ரலில் முடிவு வெளியானபோது அந்தப் பாடத்துக்கு நேரே மதிப்பெண் இல்லை, 'நிறுத்திவைப்பு' என்றிருந்தது. மறுதேர்வு எழுதித் தேறிவிட்டேன். தாத்தாவிடம் மட்டும் இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

அரியர் அண்ணன்:
தங்கச்சி, உங்களுக்கு மறுதேர்வு என்று ஒன்றாவது வந்தது. அரியருக்கு, அதாவது தேறாமல் பாக்கி நின்ற பாடங்களுக்கு, தேர்வுக் கட்டணம் கட்டியவர்கள் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்ட் 26 அன்று முதலமைச்சர் அறிவித்தபோது கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். பிறகு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஆட்சேபித்தது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. நான் தேறியவனா தேறாதவனா என்று எனக்கே தெரியாமல் மாதங்கள் ஓடின. வீட்டில் உட்கார்ந்திருந்தால் நெஞ்சு படபடக்கும் என்பதால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் கத்தரி ஓடும்வரை மனம் வழக்கைத் தொடவில்லை. இன்னும் உறுத்துவது வேறு: நேர்முகத் தேர்வில் என் சான்றிதழைப் புரட்டியவர், ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்பே, "கொரோனா பேட்சா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

விடுதி அறைவாசி:
எங்கள் விடுதியைக் கொரோனா சிகிச்சை மையமாக மாற்றியபோது, என் அறைப் பொருள்களை அள்ளிச் சாக்கு மூட்டைகளில் கட்டி, அறை எண்ணை மட்டும் மேலே எழுதி வராந்தாவில் அடுக்கியிருந்த புகைப்படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. என் குறிப்பேடுகள் எந்த மூட்டையில் என்ற எண்ணமே பல இரவுகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடக்கிவைத்த பதற்றம் உடம்பில் காட்டும். இரவு படுக்கும் முன் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடுங்கள். செய்திகளை நாளுக்கு ஒருமுறைக்கு மேல் பார்க்காதீர்கள். தனியாக ஓர் அமைதியான மூலையைப் படிப்புக்கென்று ஒதுக்கிக்கொண்டு, அங்கே படிப்பைத் தவிர எதையும் செய்யாதீர்கள். தாங்க முடியாவிட்டால் 104-ஐ அழையுங்கள், மனநல ஆலோசகரிடம் பேசலாம். வேலைக்குப் போய் மறப்பது தீர்வாகாது, அரியர் அண்ணன், அது தள்ளிப்போடுவதுதான்.

அரியர் அண்ணன்:
தள்ளிப்போட்டதால்தான் அந்த வருடத்தைக் கடந்தேன். வாரக்கூலியும் வந்தது, மூச்சுப் பயிற்சிக்கு யாரும் கூலி தருவதில்லை.

மூன்றாம் செமஸ்டர்க்காரி:
104-ஐச் சொன்னதற்கு நன்றி, அது தேவைப்படுவோருக்கு உதவும். ஆனால் எங்கள் வீட்டில் 'வேறு அறை' என்றால் அது சமையலறை, 'அமைதியான மூலை'யில் தாத்தாவின் கட்டில் கிடக்கிறது. எனக்கு உதவியது என் தோழிதான்: மறுதேர்வு வரை தினமும் இரவு அவளை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் இருவரும் அவரவர் பாடத்தைப் படிப்போம், பேச்சு அதிகம் இருக்காது, அவள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டால் நானும் புரட்டுவேன். எந்த எச்சரிக்கையும் எழுப்பாத சத்தம் அது. அது போகட்டும், உங்கள் குறிப்பேடுகள் கடைசியில் கிடைத்தனவா, இல்லையா? அதைச் சொல்லாமலே ஆலோசனைக்குப் போய்விட்டீர்கள்.