விதி 5 கிலோமீட்டர், என் வரம்பு 8: பறக்கலாமா?

காலைமூட்டம், சுங்கை சிப்புட்
சென்ற ஆண்டுதான் தனியார் விமானி உரிமம் கிடைத்தது. ஞாயிறு காலை குடும்பத்தோடு ஈப்போவிலிருந்து லங்காவிக்குப் பறக்க எண்ணம். புகைமூட்டத்தால் பார்வைத்தூரம் 6 கிலோமீட்டர்தான் இருக்குமாம். 10,000 அடிக்குக் கீழே, கண்பார்வையில் பறக்க 5 போதும் என்பது விதி. நான் எனக்கென்று 8 என எழுதி வைத்திருக்கிறேன். போகலாமா?

செம்பனை
தாராளமாகப் போங்கள், தம்பி. தென்மேற்குப் பருவத்தில் 8 கிலோமீட்டருக்குக் காத்திருந்தால் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வராது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவர் விடியற்காலையில் மலைப்பக்கம் பார்த்தே மழையைச் சொல்லிவிடுவார். அந்தக் கண்தான் வேண்டும், காகிதத்தில் எழுதிய எண் அன்று.

மலைமுகடு
பால்வெட்டுகிறவர் கணிப்புத் தப்பினால் பால் பிடிக்கும் மங்கில் மழைநீர் விழும், அவ்வளவுதான். செஸ்னா 172 மாதிரிச் சிறு விமானம் பறக்கும் வேகத்தில் 5 கிலோமீட்டர் என்பது ஒன்றரை நிமிடம். வழியில் தைப்பிங் பக்கம் பிந்தாங் மலைத்தொடர் 1,000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. மேகம் அங்கேதான் வந்து தேங்கும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 விமானிகளுக்கு வெளிக்காட்சியை மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 வினாடி!

செம்பனை
அது மேகத்துக்குள் மாட்டியவர் கதை. 6 கிலோமீட்டரில் தரை நன்றாகவே தெரியும்.

மலைமுகடு
தரை தெரியும், கடல்மேல் அடிவானம் தெரியுமா? 1999இல் அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் மகன் தானே ஓட்டிய விமானத்தோடு கடலில் விழுந்தபோதும் பார்வைத்தூரம் விதிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. அது இரவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகைமூட்டத்தில் கடலும் வானமும் பகலிலும் ஒரே சாம்பல் நிறம்தான். லங்காவிக்குக் கடலைத் தாண்டித்தானே ஆக வேண்டும்?

செம்பனை
அப்படியே பயந்துகொண்டிருந்தால் பத்தாண்டு கழித்தும் புதிய விமானியாகத்தான் இருப்பார்.

மலைமுகடு
வரம்பைத் தளர்த்த வேண்டாம் என்று யார் சொன்னது? பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தளர்த்தட்டும். விடுதி அறைக்குப் பணம் கட்டியாயிற்று, பிள்ளைகள் பசியாறிவிட்டுப் பையோடு நிற்கிறார்கள் என்ற நிலையில் தளர்த்தக் கூடாது. அந்த நேரத்தில் 6 கிலோமீட்டர் 9 ஆகத் தெரியும். அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதி வைப்பது.

காலைமூட்டம், சுங்கை சிப்புட்
அறைக்குப் பணம் கட்டிவிட்டேன் என்பது உண்மைதான். எண் 8 அப்படியே இருக்கட்டும். கோலக்கெடாவில் படகு ஏறிக்கொள்கிறோம்.

செம்பனை
சரி, போய் வாருங்கள். ஆனால் மூட்டம் விலகுவதற்குள் பயிற்றுநரோடு ஒருமுறை 6 கிலோமீட்டரில் ஏறிப் பாருங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள், தம்பி.